ஜன்னலைப் பார்க்காத வேகன்

கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டு விஷயங்களில் பெருமை. ஒன்று, அவர் கடையில் கண்ணாடி வாங்கியவர் எவரும் மூக்கைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்ததில்லை. ஃப்ரேமை அவ்வளவு கச்சிதமாக வளைத்துக் கொடுப்பார். இன்னொன்று, வீட்டின் பின் அறையில் இருந்த ரயில். அதைப் பொம்மை என்றால் முகம் சுருங்கிவிடும். "மாடல்" என்று திருத்துவார். "சரி, மாடல் பொம்மை" என்பாள் மனைவி.

ஆரம்பத்தில் அது வட்டமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பல் டாக்டர் வந்து பார்த்தார். தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர். அவருக்கும் இதே பைத்தியம்.

"மீன் தொட்டி மாதிரி இருக்குங்க" என்றார் டாக்டர். "மீனாவது நடுவுல நின்னு வாயைத் திறக்கும். இது அதுகூடச் செய்யல."

டாக்டர் வீட்டு ரயில் சுற்றாது. வேலை பார்க்கும். வேகன்களைக் கொண்டுவந்து, பிரித்து, ஒவ்வொன்றையும் அது போகவேண்டிய இடத்தில் விட்டு, காலியானவற்றைப் பொறுக்கிக்கொண்டு திரும்பும். நிஜ யார்டில் நடக்கிற ஷண்டிங் அப்படியே. அதைப் பார்த்துவிட்டு வந்த கடைக்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வட்டத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சுவரோரமாக, ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் ஒரு நீளப் பலகை அடித்தார். அதில் ஒரு மெயின் லைன். நடுவில், இன்ஜின் வேகன்களைச் சுற்றி மறுபக்கம் வருவதற்கு ஒரு லூப். சிமென்ட் கிடங்கு, சரக்குக் கொட்டகை, மரமில் என்று மூன்று சைடிங், அதாவது முட்டுச்சந்து மாதிரி கிளைத் தண்டவாளம். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு. வேகனின் எண்ணும் அது எங்கே போகவேண்டும் என்பதும் அதில் எழுதியிருக்கும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? சிமென்ட்டும் கொட்டகையும் சுலபம். தாண்டிப் போய் நின்று, பின்னால் தள்ளி விட்டுவிடலாம். மரமில் அப்படியில்லை. அதன் வாய் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. யோசிக்காமல் நுழைந்தால் இன்ஜின் முதலில் உள்ளே போகும், வேகன் பின்னால் வந்து வாயை அடைத்துக்கொள்ளும். கட்டிலை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு 'யாராவது வாங்களேன்' என்று கத்துவானே, அந்தக் கதி. முன்கூட்டியே லூப்பில் சுற்றி, வேகனுக்குப் பின்பக்கம் போய் அங்கிருந்து தள்ள வேண்டும். முதல் வாரம் முழுக்க அவருடைய இன்ஜின் மரமில்லுக்குள் சிறை இருந்தது.

டாக்டர் ஒரே ஒரு சட்டம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். "கை படக்கூடாது. கையால தூக்கி வைக்கிறதா இருந்தா ரயில் எதுக்கு? பாத்திரம் அடுக்குற மாதிரி அடுக்கிட்டுப் போயிடலாமே."

இந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. முப்பதைத் தாண்டியவன், உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்து வீட்டில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அவசரத்துக்குக் குச்சி. கூரியர் ஆபீஸில் பெட்டிகளை ஊர்வாரியாகக் கம்பிக் கூண்டுகளில் பிரித்துப் போடுகிற வேலையில் இருந்தான். ஒரு மருந்துப் பெட்டி தப்பான கூண்டுக்குள் போய், தப்பான ஊருக்குப் போய், மழையில் ஊறித் திரும்பியது. அன்றைக்கு அந்த வரிசையில் நின்றவன் அவன். "நான் வைக்கல" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். வேலை போய்விட்டது. அக்காவிடம் சொன்னபோது, "சரி விடுடா, தப்பே பண்ணாதவங்க யாரு இருக்கா" என்றாள். மாமாவிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். நம்பிக்கையில் ஆட்டியதல்ல, அடுத்து 'சாப்பிட்டியா' என்று கேட்பதற்காக ஆட்டியது.

அதன் பிறகு அவன் சோபாவில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே இருந்தான்.

"சோபாவுக்கு இன்னொரு தலைகாணி வாங்கிப் போட்ட மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி. "உங்க ரயில் ரூமுக்காவது கூட்டிட்டுப் போங்களேன்."

ஷண்டிங்குக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் இன்ஜினை ஓட்ட, மற்றவர் தண்டவாளம் பிரிகிற பாயிண்ட்டை மாற்றி, வேகன் எண்ணைப் பார்த்து, வேகன்களைப் பிணைக்கிற கப்ளிங்கைக் கொக்கியால் கழற்றிவிட வேண்டும். கடைக்காரர் டிரைவர் ஆனார். குச்சி ஷண்டர் ஆனான்.

முதல் நாளே தகராறு. கப்ளிங் கழன்றதும் கடைக்காரர் இன்ஜினைக் கிளப்பப் போனார். குச்சி கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்ன மாப்ளே?"

"அந்த ஆள் இன்னும் வரல மாமா."

"எந்த ஆள்?"

"கப்ளிங்கைக் கழட்டினவன். இங்க கழட்டிட்டு அங்க பாயிண்ட்டு வரைக்கும் அவன் நடக்கணும்ல? கல்லு மேல நடக்கிறான். நடந்து வரட்டும்."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். யாரும் இல்லாத அந்தக் கல்தரையில், கட்டைவிரல் உயர ஆள் ஒருவன் உண்மையிலேயே நடந்து வருவது போலத்தான் இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். "வந்துட்டான்" என்றான் குச்சி. இன்ஜின் கிளம்பியது. அன்றிலிருந்து அவர்கள் ரயில் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடியதால் நிஜமாக ஓடியது.

குச்சிக்குக் கண்ணில் எதுவும் தப்பாது. பழுப்பு நிற மூடு வேகன்கள் எல்லாவற்றிலும் ஒரு முனையில் மட்டும் எள்ளு மாதிரி ஒரு கை பிரேக் சக்கரம் இருப்பதைக் கண்டுபிடித்தான். ஒரு நாள் ஓட்டம் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் சக்கரம் ஜன்னல் பக்கம் வருகிறமாதிரி நிறுத்தினான்.

"இந்தப் பலகையில வண்டி திரும்ப வழியே இல்ல மாமா. முன்னாடி இழுத்தாலும் பின்னாடி தள்ளினாலும் மூஞ்சி ஜன்னல் பக்கந்தான். பாருங்க, எல்லாரும் வெளிய வேடிக்கை பாக்கிறாங்க."

சோபா காலியாகிவிட்டது. மனைவிக்குச் சந்தோஷம். அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"டாக்டர் வீட்டு ரயிலைப் பாக்க ஒருத்தர் வருவார்னு சொன்னீங்களே, கிடங்கு மேனேஜரு. அவர் கிடங்குல ஆள் தேடுறாங்களாம். டாக்டர் வீட்டம்மா சொன்னாங்க."

"அதுக்கு?"

"அதுக்குன்னா? நம்ம வீட்டுக்குக் கூப்பிடுங்க. இவன் வேலை செய்யறதை அவர் பாக்கட்டும். நீங்க வாயைத் திறந்து சிபாரிசு பண்ண வேண்டாம். உங்களுக்கு அது வராது. சும்மா பாக்க விடுங்க."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை டாக்டரும் கிடங்கு மேனேஜரும் வந்தார்கள். மேனேஜர் வாசற்படியை நிறைக்கிற உருவம். குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. வேலை விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். குச்சி எண்ணைப் பார்ப்பதையும், சீட்டைப் பார்ப்பதையும், மறுபடி எண்ணைப் பார்ப்பதையும் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு தடவை பாக்கிறீங்களே, தம்பி?"

"முதல் தடவை பாக்கிறப்போ, இதுவாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டுப் பாக்கிறோம் சார். ரெண்டாவது தடவைதான் நெஜமாப் பாக்கிறது."

மேனேஜர் டாக்டரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கதவருகே நின்ற மனைவி முகம் மலர்ந்து காப்பி கலக்கப் போனாள்.

கெட்டது அந்த நிமிஷத்தில்தான். எல்லாரும் குச்சியைப் பார்க்கிறார்களே என்று கடைக்காரருக்குள் ஒரு சின்ன முள் குத்தியது. பலகை அடித்தவர் யார், கம்பி இழுத்தவர் யார்? தானும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டவேண்டும் போலிருந்தது. வேகத்தைக் கூட்டினார். சிமென்ட்டுக்கான வேகன்களை லூப்பிலேயே நிறுத்திவிட்டு, "இதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஏதோ சொல்ல வந்த குச்சியை, "எனக்குத் தெரியும் மாப்ளே" என்று அடக்கினார்.

"காப்பி ஆறுது, எல்லாரும் வாங்க" என்று மனைவி கூடத்திலிருந்து கூப்பிட்டாள். விருந்தாளிகள் போனார்கள். "குச்சி, பக்கத்து வீட்டுல நாற்காலி வாங்கிட்டு வாடா" என்றாள். அவனும் போனான்.

"இதை மட்டும் நிறுத்திட்டு வந்துடறேன்" என்று சொன்ன கடைக்காரர், இரண்டு பழுப்பு வேகன்களோடு நேராக மரமில்லுக்குள் போய்விட்டார். இன்ஜின் உள்ளே, வேகன்கள் வாசலை அடைத்துக்கொண்டு. கட்டில் கதைதான். பின்வாங்கி வெளியே வந்து சுற்றலாம் என்றால் லூப்பில் சிமென்ட் வேகன்கள். அவற்றை எடுக்க வேண்டும், அதற்கு முன் இவற்றை எங்கேயாவது வைக்க வேண்டும். எல்லாரும் திரும்பி வந்து பார்க்கும்போது அவர் இன்னும் விழித்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் செய்கிற தப்பு.

கூடத்தில் டாக்டர் சிரிக்கும் சத்தம் கேட்டது. தன்னைப் பார்த்துத்தான் என்று பட்டது.

கை தானாகப் போனது. இரண்டு வேகன்களையும் தூக்கினார். இன்ஜினை வெளியே விட்டார். எண்ணைப் பார்க்காமல் ஒரு வேகனை மரமில்லில் வைத்தார், மற்றதை மெயின் லைனில் வைத்தார். ஒரு மூச்சு விடும் நேரம். வேர்த்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போனார்.

எல்லாரும் திரும்பியதும், மாமா கிளப்பிய அவசரத்தில் மிச்ச வேலை முடிந்தது. மேனேஜர், தொழில் பழக்கம் போலிருக்கிறது, சீட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சைடிங்காகப் பார்த்துக்கொண்டே வந்தார். மரமில்லில் நின்றார்.

"இது இங்க வரவேண்டியது இல்லையே. ரெண்டும் மாறியிருக்கு. இதை யாரு இங்க வச்சது?"

எண்ணைப் பார்ப்பது ஷண்டர் வேலை. எல்லார் கண்களும் குச்சியிடம் போயின. அவன் குனிந்தான். எண்ணைப் பார்த்தான். பிறகு வேகனின் முனையைப் பார்த்தான்.

கை பிரேக் சக்கரம் எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றது.

வண்டி திரும்ப வழியே இல்லாத பலகை அது. கையால் தூக்கினால் ஒழிய எந்த வேகனும் முதுகைக் காட்டி நிற்க முடியாது. குச்சி மெல்லத் தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தான். கோபமில்லை, கேள்விகூட இல்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

கடைக்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பையன் சரியாக் கவனிக்கல போலிருக்கு."

குச்சி மறுபடி வேகனைப் பார்த்தான். "ஆமா சார். நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றான். எண்ணைச் சரிபார்ப்பது போல வேகனை எடுத்து, யாரும் கவனிக்காதபடி அதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தான்.

மனைவி காலித் தம்ளர்களோடு கதவருகே நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை யாரோ சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி ஆயிற்று.

வழியனுப்பக் கடைக்காரர் கேட் வரை போனார். இதோ சொல்லிவிடலாம், இந்தப் படி தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு படியாக இறங்கினார். மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டே, "தங்கமான பையன்தான். ஆனா எங்க இடத்துல ஒரு நம்பர் மாறினா லாரியே மாறிப்போயிடும். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"உங்க வண்டி பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர்.

உள்ளே வந்தபோது சமையலறையில் மனைவியின் குரல் கேட்டது. "ஒரு பொம்மை வண்டி. அதுலகூடவா? அங்கயும் இப்படித்தான் பண்ணியிருப்ப. உன்னைச் சொல்லி என்ன, உனக்காக ஓடினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

குச்சி கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் விழும் சத்தமும் தம்ளர் மோதும் சத்தமும்தான். கடைக்காரர் சமையலறை வாசல் வரை போனார். பிறகு எதையோ மறந்தவர் போலத் திரும்பிப் பின் அறைக்குப் போய்விட்டார். அந்த வேகனைப் பார்க்கவே முடியவில்லை. ஒரு துணியை எடுத்துப் பலகையை மூடினார்.

சற்று நேரத்தில் குச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான், பாயிண்ட் மோட்டார் சுவிட்சை அணைக்க. அது அவன் தினமும் செய்வது.

"மாப்ளே" என்றார். "நீ பாத்துட்டல்ல?"

"ம்."

"அப்புறம் ஏன்டா ஒத்துக்கிட்ட?"

குச்சி சுவிட்சை அணைத்தான். "நான் வைக்கலன்னு சொன்னா யாரு மாமா நம்புவா? போன தடவை சொல்லிப் பாத்தேனே. நீங்களும்தான் தலையை ஆட்டினீங்க."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவன் போய்ச் சோபாவில் உட்கார்ந்தான்.

மறுநாள் கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. கிடங்குக்குப் போனார். லாரிகளுக்கு நடுவில், பையில் பேனா செருகிய சட்டையோடு மேனேஜர் நின்றிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். கடைக்காரர் முதலில் வெயிலைப் பற்றிச் சொன்னார். பிறகு லாரியைப் பற்றி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். கைவைத்ததையும், அதன்பின் வாயால் பழியைத் தள்ளிவிட்டதையும்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "இதுக்கா கடையைப் பூட்டிட்டு வந்தீங்க? டாக்டரே கைவைப்பார். நான் பாத்திருக்கேன்."

"கைவச்சதுக்கு வரலீங்க. அவன் தலையில போட்டதுக்கு வந்தேன். அவனுக்கு வேலை..."

மேனேஜரின் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் லாரியில் ஏறும் மூட்டைகளைப் பார்த்தார். "அதுல எனக்கு இன்னொரு சிக்கல் இருக்குங்க. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றவனை நான் எப்படி இங்க வச்சுக்கிறது? தப்பு நடக்கும். நடக்கட்டும். யாருதுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு லோடுமேன் எவனாவது இவன் தலையில போட்டா, இவன் பேசாம வாங்கிக்குவான். நான் தப்பான ஆளைத் திட்டிட்டு இருப்பேன்."

கடைக்காரர் செய்த சேதம், அவர் நினைத்ததைவிட ஒரு அறை கூடுதலாக உள்ளே போயிருந்தது.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் மேனேஜர். "ஞாயித்துக்கிழமை வர்றேன். அதே இடத்துல நின்னு அதே கேள்வியைக் கேக்கிறேன். நீங்க முந்திக்கிட்டுச் சொல்லக்கூடாது. அவன் சொல்லணும். நீங்க எதிர்ல நிக்கணும். முடியுமா உங்களால?"

முடியாது என்றுதான் கடைக்காரரின் உடம்பு முழுவதும் சொன்னது. "நிக்கிறேங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தவில்லை. அவருக்குத் தட்டை வைத்துவிட்டு, எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள். ஞாயிறு வரை அவரோடு அவள் பேசியதெல்லாம் உப்பு, சாவி, தபால் இவற்றைப் பற்றித்தான். குச்சியிடம் அவர், "ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. கேட்டா உள்ளதைச் சொல்லு" என்றார். அவன் சோபாத் தலைகாணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

வந்தார்கள். துணியை விலக்கினார்கள். கடைக்காரர் இரண்டு பழுப்பு வேகன்களையும் எடுத்து, அன்றைக்கு எப்படி நின்றனவோ அப்படியே வைத்தார். சக்கரம் சுவர்ப்பக்கம். எல்லார் முன்னாலும், கையால்தான். பிறகு பலகைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

மேனேஜர் சீட்டைக் கையில் எடுத்தார். "தம்பி, இந்த வேகனை யாரு இங்க வச்சது?"

குச்சி வேகனைப் பார்த்தான். கொக்கியை விரல்களுக்கு நடுவில் உருட்டினான். மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடி வேகனைப் பார்த்தான். டாக்டருக்குப் பொறுக்கவில்லை, "நான் வேணா..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க டாக்டர்" என்றார் கடைக்காரர். "நடந்து வந்துட்டிருக்கான். வரட்டும்."

குச்சியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்போ என்னவோ. காத்திருந்தார்கள்.

"நான் வைக்கல சார்" என்றான். குரல் முதலில் தரையிலிருந்து வந்தது. பிறகு எழுந்து நின்றது. "மாமா வச்சாரு. கையால தூக்கி வச்சாரு. சக்கரத்தைப் பாருங்க, சுவர்ப்பக்கம் இருக்கு. இந்தப் பலகையில வண்டி தானாத் திரும்பாது. வச்சது மட்டும் இல்ல, நான் கவனிக்கலன்னு வேற சொன்னாரு. அதுவும் உண்மை இல்ல."

இவ்வளவும் தனக்குத் தெரிந்ததுதான், தானே கிடங்குக்குப் போய்ச் சொன்னதுதான். இருந்தும் அடுத்தவன் வாயால், மனைவி கேட்க, டாக்டர் கேட்க, ஒவ்வொன்றாக விழுந்தபோது கடைக்காரருக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்து மாட்டிய பிறகும் யார் முகத்திலும் பார்வை நிற்கவில்லை.

"ஆமாங்க. அவன் சொல்றது சரி" என்றார்.

மேனேஜர் சீட்டை வேகன் மேல் வைத்தார். "நாளைக்குக் காலையில வந்துடுங்க தம்பி. ரெண்டு தடவை பாக்கிற ஆள்தான் எனக்கு வேணும்."

டாக்டர் விட்ட பெருமூச்சில் சரக்குக் கொட்டகையின் அட்டைக் கூரை ஆடியது. "காப்பி கிடைக்குமா இன்னிக்கு?" என்று கேட்டார். மனைவி உள்ளே போகத் திரும்பினாள்.

"அக்கா" என்றான் குச்சி.

அவள் நின்றாள்.

"அந்த மருந்துப் பெட்டி. அதையும் நான் வைக்கல."

அவள் திரும்பவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தம்பியின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று அந்த அறையில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பலகையின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, சுவரைப் பார்த்த வேகனிலிருந்து கண்ணை எடுக்காமல், தலையை ஆட்டாமல், "தெரியும் மாப்ளே" என்றார்.